ராப் பாட்டின் பழி யாரைச் சேரும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பாம்பன் வாசகி ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது. ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் ஓடிய ராப் பாட்டொன்றில் பெண்களைப் பற்றி வந்த சொற்களைக் கேட்கப் பொறுக்காமல், திண்ணையில் அமர்ந்திருந்த தம் மகள்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்த நேர்ந்ததென்று எழுதிய அவர், "பாடியவனைக் கேட்பார் இல்லையா?" என்று முடித்திருந்தார். அதன்மேல் தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றுவதே இல்லை. அவன் கேட்கும் பாட்டுகளில் கஞ்சாவும் கத்தியும் கெட்ட வார்த்தையும் பெருமையாக வருகின்றன. கேட்டால், "அது வெறும் பாட்டு உம்மா" என்கிறான். நாளை அவன் கெட்டுப்போனால் பாடியவரை நான் குற்றம் சொல்லலாமா?

பதில்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1992-இல், திருட்டு வண்டியொன்றை நிறுத்திய காவலரை அதை ஓட்டிவந்த இளைஞர் சுட்டுக் கொன்றார். வண்டியில் ராப் பாடகர் டூபாக் ஷகூரின் ஒலிநாடா இருந்தது. காவலர்களோடு மோதுவதைப் பாடும் அந்தப் பாட்டுகளே இளைஞரின் மனத்தைத் திரித்துவிட்டன, ஆகவே தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். நடுவர் குழு அதை ஏற்காமல் 1993-இல் மரண தண்டனையே விதித்தது. இறந்தவரின் குடும்பத்தார் பாடகர் மீதும் நாடாவை வெளியிட்ட நிறுவனத்தின் மீதும் தொடுத்த இழப்பீட்டு வழக்கும் 1997-இல் தள்ளுபடியாயிற்று. அந்த நாடாவை வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். துப்பாக்கியைத் தூக்கியவர் அவர் ஒருவர்தான். ஒருவர் செய்த குற்றத்தை அவர் கேட்ட பாட்டின் கணக்கில் எழுதுவதை நானும் ஏற்க மாட்டேன்.

இதை வைத்துக்கொண்டு "வெறும் பாட்டு" என்று உங்கள் மகன் சொல்வதும் செல்லாது, சகோதரி. லாஜிக் என்னும் அமெரிக்க ராப் பாடகர் 2017-இல் அந்நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து, வாழ்வை வெறுத்த ஒருவர் அந்த எண்ணை அழைத்துப் பேசுவதாக ஒரு பாட்டை வெளியிட்டார். அந்தப் பாட்டு மக்களிடையே மிகுதியாகப் பேசப்பட்ட 34 நாட்களில், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைக் காட்டிலும் 9,915 அழைப்புகள் அந்த எண்ணுக்குக் கூடுதலாக வந்தன என்றும், அதே நாட்களில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்தன என்றும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், பாட்டு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல இயலாது. இருப்பினும், மனம் உடைந்தவரைத் தேற்றும் வலிமை தம் பாட்டுக்கு உண்டென்று பெருமை கொள்ளும் பாடகர்கள், அதே வலிமை மறுபக்கமும் இழுக்கக்கூடும் என்பதை மட்டும் மறுத்தால் அது நேர்மையான கணக்கு ஆகாது.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு மறுநாள் கத்தியைத் தேடிப் போவதில்லை. எது ஆண்மை, எதைக் கண்டு சிரிக்கலாம், யாரை எந்தச் சொல்லால் அழைக்கலாம் என்பவற்றில்தான் பாட்டு நாள்பட வேலை செய்கிறது. அந்த வேலைக்குப் பாடகரிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மகனிடம் செய்யக்கூடியது வேறு. ஒருநாள் அந்தப் பாட்டை வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்கப் போடச் சொல்லி, அடி அடியாகப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்; எந்த அடியை அவர் தாண்டிப் போகிறாரோ, அந்த அடியைப் பற்றி நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் 'இ' (E) என்னும் ஆங்கில எழுத்துக் குறியிட்ட பாட்டுகளை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவைக்கலாம். அமெரிக்காவில் 1985-இல் தாய்மார் சிலர் தொடங்கிய இயக்கம் அந்நாட்டு செனட் சபை வரை சென்றதன் விளைவாக வந்த எச்சரிக்கை முத்திரையின் இன்றைய வடிவம் அந்தக் குறி. ஆனால் குறியிட வேண்டியவர் பாட்டை ஏற்றுபவரே என்பதால், நம் பக்கத்துப் பையன்கள் ஏற்றும் பாட்டுகள் பலவற்றில் அதைப் பார்க்க முடியாது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ஓர் ஆசிரியர்: கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் இல்லாத பச்சையா? காளமேகம் பாடாத வசையா? கல்யாண வீட்டில் பெரியவர்கள் முன்னிலையிலேயே இரட்டை அர்த்தச் சினிமாப் பாட்டு ஓடுகிறது. ராப் பாடுகிறவனை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

பதில்: கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கேரி ஃபிரைட் என்னும் உளவியலாளர் 1990-களில் ஒரு சோதனை செய்தார். காவலரைச் சுட்டுக் கொன்றவன் பாடுவதாக வரும் பழைய நாட்டுப்புறப் பாட்டொன்றின் வரிகளைத் தாளில் அச்சிட்டு, ஒரு சாராரிடம் அதை ராப் என்றும், மற்றொரு சாராரிடம் கிராமிய இசைப் பாடல் என்றும் சொல்லிக் கொடுத்தார். சொற்கள் ஒன்றே ஆயினும், ராப் என்று நம்பி வாசித்தவர்கள்தாம் அதை ஆபத்தானது, சமூகத்துக்குக் கேடு என்று கூடுதலாகக் கருதினார்கள். பாடுபவர் யார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமோ அதற்கேற்பப் பாட்டின் குற்றம் கூடுகிறது, குறைகிறது. சென்னையின் கானாவுக்கும் நெடுங்காலம் இதுதான் நேர்ந்தது. மேடையில் கோட்டு அணிந்தவர் பாடினால் குறும்பு, குப்பத்துப் பிள்ளை பாடினால் கேடு என்று தீர்ப்பெழுதும் காதுகள் நம்மிடமும் இருக்கின்றன.

மற்றப் பாதியில் உங்களோடு உடன்பட மாட்டேன். அம்பாப் பாட்டு அலைவாய்க்கரையில் கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்குள் பிறந்து, வலை கரையேறியதும் முடிந்துபோகிறது. அதில் சீண்டப்பட்டவர் எதிரிலேயே நிற்பார்; அடுத்த அடியிலேயே அவர் எசப்பாட்டு பாடிச் சீண்டியவரின் மானத்தை வாங்கிவிடலாம். காளமேகத்தின் வசைக்கும் எதிர்வசை உண்டு. கைபேசியில் ஏறிய பாட்டுக்கு அந்த எதிர்க்குரல் இல்லை. ஏசப்பட்டவர் எங்கோ இருக்க, அவரை அறியாத ஆயிரம் பேர் அதே ஏச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மேலும், பாட்டுக்குச் சேதம் செய்யும் ஆற்றல் இல்லையென்று வாதிடத் தமிழர்களுக்கு ஏனோ வாய் வருவதில்லை. அறம் வைத்துப் பாடினால் ஆள் சாவான் என்று நம்பி, கலம்பகம் கேட்டு நந்திவர்மன் உயிர் நீத்தான் என்று கதை வழங்கியவர்கள் நாம்.

சினிமாப் பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: திரைப்படத்தில் இடம்பெறும் பாட்டு தணிக்கை வாரியத்தைத் தாண்டி வருகிறது, தனிப்பாட்டுக்கு அந்த வாசல் இல்லை. தாண்டி வருபவற்றைக் கேட்டால், அந்த வாசலில் காவல் இருக்கிறதா என்ற ஐயம் எனக்கும் வருவதுண்டு.

சாயல்குடி அருகிலிருந்து, விழாக் குழு உறுப்பினர் ஒருவர்: எங்கள் முளைப்பாரித் திருவிழாவில் இளைஞர்கள் சாதிப் பெருமை பேசும் ராப் பாட்டுகளைப் போட்டுவிட்டார்கள். அடுத்த தெருக்காரர்கள் காவல் நிலையம் போய்விட்டார்கள். பாட்டைப் பாடியவர் யாரோ, எந்த ஊரோ. யூடியூபில் இருந்ததைப் போட்டதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?

பதில்: நீங்கள்தாம் பொறுப்பு. பாடியவருக்கும் பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒலிபெருக்கியின் வாய் எந்தத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கவில்லை, எந்தப் பாட்டை எந்த நேரத்தில் எத்தனை முறை போட வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை.

நம் இராமநாதபுரம் மாவட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1957-இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை. 2011-இல் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11-ஆம் நாள் இமானுவேல் சேகரனுக்காகப் பரமக்குடியிலும், அக்டோபர் 30-ஆம் நாள் முத்துராமலிங்கத் தேவருக்காகப் பசும்பொன்னிலும் நடைபெறும் நினைவு நிகழ்ச்சிகளை ஒட்டி மாவட்டம் முழுவதும் தடையுத்தரவு போடப்படுவதும், வாகனங்களுக்கும் கோஷங்களுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்படுவதும், வெளி மாவட்டக் காவலர்கள் வந்து குவிவதும் நமக்குப் பழகிப்போய்விட்டன. வேறிடத்தில் மிகைப்பேச்சாகக் கழியக்கூடிய ஒரு பாட்டு, இங்கே ஒரு தெருவின் வாயிலில் ஒலிக்கும்போது மிரட்டலாகவே கேட்கும். கேட்பவர் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்பது போட்ட இளைஞர்களுக்கும் தெரியும்; தெரிந்ததனால்தான் போட்டார்கள் என்பதை நாமிருவரும் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

திருவிழாக்களில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்குச் செல்லும் மனுக்களில், ஆபாசம் கூடாது, எந்தக் கட்சியையும் மதத்தையும் சாதியையும் குறிக்கும் பாட்டோ வசனமோ கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் உயர் நீதிமன்றம் அனுமதி வழங்கிவருகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அனுமதி கேட்கும் கடிதத்தில் கையெழுத்திடுபவர் விழாக் குழுத் தலைவர்தான், யூடியூபில் இருப்பவர் அன்று. அடுத்த ஆண்டு மைக்செட்காரரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே பாட்டுப் பட்டியலை வாங்கி, குழுவில் வயதானவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் கேட்டுப் பார்த்த பென் டிரைவைத் தவிர வேறொன்றும் சொருகக் கூடாதென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முறைப்பாடு கொடுத்த தெருவைச் சேர்ந்த ஒருவரையும் அந்தப் பட்டியலைப் பார்க்க அழைத்தால், காவல் நிலையத்தில் பேசி முடிப்பதைவிட விரைவாக முடியும்.

பாடியவரின் பங்கு இதுதான்: இன்னொரு சாதியை வெட்டுவதையோ தாழ்த்துவதையோ எழுதி, அது எங்கே ஒலிக்கும் என்பதை அறிந்தே, விழாக் காலம் பார்த்து வெளியிடுபவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதனால் தப்பிவிட முடியாது. முன்னோரின் பெருமையைப் பாடுவது வேறு, பக்கத்துத் தெருவை அஞ்சவைப்பது வேறு. எந்த அடியில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதை எழுதியவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு சட்ட மாணவர்: பொறுப்பு உண்டென்றால் அரசு ஏன் நேரடியாகத் தடை செய்யக் கூடாது? கைது செய்தால் நான்கு பேர் அடங்குவார்களே!

பதில்: சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை. மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. இரு பிரிவினரிடையே பகையை மூட்டினால் நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு. பெண்ணின் மானத்தைப் பழிக்கும் சொல்லுக்கு அதே சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு. பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். குறிப்பிட்ட ஆளுக்கோ பிரிவுக்கோ தீங்கு நேரும் இடத்தில் இவற்றைக் கொண்டு வழக்குத் தொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

பொத்தாம்பொதுவான தடையையும் கைதையும் எதிர்ப்பேன். காரணம், கைது செய்யும் கை எந்தப் பாட்டை முதலில் பிடிக்கும் என்பதைப் பார்த்திருக்கிறோம். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய திருச்சிப் பாடகர் கோவனை 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் நள்ளிரவில் கைது செய்தார்கள். குடியைப் புகழ்ந்த திரைப்பாட்டுகள் அந்த ஆண்டும் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சாபைப் பாருங்கள். மது, போதை, வன்முறையைப் புகழும் பாட்டுகள் நேரடி நிகழ்ச்சிகளிலும் ஒலிக்கக் கூடாதென்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. துப்பாக்கியைப் புகழ்ந்ததாகப் பஞ்சாபிப் பாடகர் சித்து மூசேவாலா மீது 2020-இல் வழக்குகள் பதிவாயின. அவர் 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அதே ஆண்டு நவம்பரில் மாநில அரசும் ஆயுதத்தைப் புகழும் பாட்டுகளுக்குத் தடை போட்டது. துப்பாக்கி வைத்திருந்த கும்பல்களைப் பாட்டுத் தடையால் ஒடுக்க முடியுமானால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் ஒரு தீர்ப்பை நினைவூட்டுகிறேன். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, உச்ச நீதிமன்றம் 1989-இல் ரங்கராஜன் வழக்கில் அதைத் திருப்பிக் கொடுத்தது. கருத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல் நேரடியாக இருந்தாலொழியத் தடுக்கக் கூடாதென்பது அதன் சாரம். இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்: சென்னையில் ஒருவர் தம் அறையில் பதிவு செய்த பாட்டு அதில் அகப்படாது, தடையுத்தரவு நிலவும் நாளில் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்திப் போடப்படும் அதே பாட்டு அகப்படும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் ராப் வரிகளைக் குற்ற வாக்குமூலம்போல் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டி நடுவர்களின் மனத்தைத் திருப்பும் வழக்கம் பெருகியதனால், கலிஃபோர்னியா மாநிலம் 2022-இல் அதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. "நான் கொன்றேன்" என்று பாடியவரைக் கொலைகாரர் என்று எடுத்துக்கொள்ளும் நீதிமன்றத்தில், ஒப்பாரி பாடுகிறவர் எல்லாருமே தாலி அறுத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

இராமேசுவரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எனக்கு ராப் தாளம் பிடிக்கும், பெண்களைப் பற்றி அதில் வரும் பேச்சு பிடிக்காது. கேட்டுக்கொண்டே திட்டுவது போலித்தனமா?

பதில்: இல்லை. திட்டுவதற்குக் கேட்டவர்களுக்குத்தான் முதல் உரிமை. ராப்புக்குள்ளேயே அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்: பெண்களை இழிசொல்லால் அழைப்பதை எதிர்த்துக் குவீன் லத்தீஃபா 1993-இல் வெளியிட்ட பாட்டுக்கு 1995-இல் கிராமி விருது கிடைத்தது. தமிழில் சோஃபியா அஷ்ரஃப் போன்ற பெண்கள் இருந்தும் அந்த வரிசை இன்னும் குட்டையாகவே இருக்கிறது. தாளம் பிடிக்குமென்றால் எழுதிப் பாருங்களேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் இளைஞர்: நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து கைபேசியில் ராப் பதிவு செய்கிறேன். எங்கள் ஊரில் பார்ப்பதைத்தான் பாடுகிறேன். எங்கள் கரையில் பேசும் வார்த்தையைத்தான் போடுகிறேன். கெட்டது ஊரில் இருக்கிறது, பாட்டில் இல்லை. நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? என் பாட்டின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பதில்: கேட்டேன், தம்பி. உங்கள் வாதத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973-இல் ஒரு குடியிருப்பு விருந்தில் முளைத்த இந்தக் கலை, 1982-க்குள் இடிந்த வீடுகளையும் வேலையின்மையையும் பாடத் தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காம்ப்டனிலிருந்து வந்த குழுவொன்று 1988-இல் காவல்துறையை ஏசிப் பாடியபோது, மறு ஆண்டு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் அந்தப் பாட்டை வெளியிட்ட இசை நிறுவனத்துக்கே கண்டனக் கடிதம் எழுதினார். 1991-இல் அதே லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் சாலையில் போட்டு அடித்த காட்சி வீடியோவில் வெளிவந்த பிறகுதான், பாடியவர்கள் எதைப் பற்றிப் பாடினார்கள் என்பது வெளியுலகத்துக்குப் புரிந்தது. எரிச்சலூட்டும் பாட்டு எல்லாம் தீய பாட்டு அன்று. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றிச் சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் பாடிய ராப்பும் பலருக்கு எரிச்சலூட்டியது. மறு ஆண்டு மார்ச்சில், ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு செய்துகொண்டது. அது தொழிலாளர்கள் பல்லாண்டு போராடியதன் பயன். ஆனால் உலகத்தின் காதைத் திருப்பியதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு.

உங்கள் பாட்டின் முதல் பாதி இந்த வழியில் வருகிறது. விடியலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் தாய் உட்கார்ந்திருப்பது, நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகு அங்கேயே மூழ்கிக் கிடப்பது, கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பது, பணத்தேவையில் பீடி இலைப் பொதியையும் கடல் அட்டையையும் இரவில் கடத்தக் கூப்பிடுகிறவர் – இவற்றைக் கெட்ட வார்த்தையோடே பாடியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைகள் எனக்கு உறுத்தவில்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

இரண்டாம் பாதியில் உங்களைக் காதலிக்க மறுத்த பெண்ணொருத்தி வருகிறாள். அவளை என்னென்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதை இங்கே அச்சிட மாட்டேன். அவள் பெயரைச் சொல்லவில்லை; ஆனால் எந்தத் தெரு, எந்தக் கல்லூரிப் பேருந்து, அவள் அப்பா எந்தக் கடலில் தொழில் செய்கிறார் என்பதெல்லாம் பாட்டில் இருக்கிறது. உங்கள் ஊர் அளவுக்கு அதற்குமேல் பெயர் எதற்கு?

அகப்பொருள் பாடும்போது ஒருவரையும் அவருடைய பெயரைச் சுட்டிப் பாடக் கூடாதென்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. காமத்தையும் ஏக்கத்தையும் ஊடலையும் ஏச்சையும் எவ்வளவு வேண்டுமானாலும் பாடு, ஆனால் அது இன்ன ஊர் இன்னாள் என்று தெரியவிடாதே என்பது அதன் கருத்து. பாட்டில் வரும் தலைவன் புலவன் அல்லன், தலைவி உண்மைப் பெண் அல்லள் என்ற அந்த ஏற்பாட்டின் நிழலில்தான் ஆண் புலவர்கள் பெண்ணின் வாய்மொழியாகப் பாட முடிந்தது. சினிமாப் பாடலாசிரியரும் அந்த நிழலில் நின்று, இது கதையில் வரும் ரவுடியின் பாட்டு என்று சொல்லிவிடலாம். ராப் பாடுகிற நீங்கள் அந்த நிழலை வேண்டாமென்றவர். உங்கள் பெயரைப் பாட்டுக்குள்ளேயே சொல்கிறீர்கள், ஊரைச் சொல்கிறீர்கள், இது என் வாழ்க்கை, ஒரு சொல்லும் பொய்யில்லை என்று பாட்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கிறீர்கள். மெய் என்று சொல்லி விற்றதை, கேள்வி வரும்போது கற்பனை என்று மாற்றிச் சொல்ல முடியாது. முதல் பாதியில் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேள்வி கேட்கும் நீங்கள், இரண்டாம் பாதியில் மைக்கே இல்லாத ஒருத்தியை அடிக்கிறீர்கள். ஊரில் இருக்கும் கெட்டதை அந்த இடத்தில் நீங்கள் பதிவு செய்யவில்லை, உண்டாக்குகிறீர்கள்.

ரிக் ராஸ் என்னும் பெரிய ராப் பாடகர் 2013-இல், ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுத்ததைப் பெருமையாகக் குறிக்கும் அடியொன்றைப் பாடினார். முதலில் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். பெண்கள் அமைப்புகள் விடவில்லை. ரீபாக் நிறுவனம் அவரோடு வைத்திருந்த விளம்பர ஒப்பந்தத்தை முறித்தது. அதன் பின்னர்தான் முழு மன்னிப்புக் கேட்டார். காவலர் எவரும் வரவில்லை, பாட்டு எழுதும் உரிமையை எவரும் பறிக்கவில்லை. பாடியவரிடம் அவருடைய சொல்லுக்குக் கணக்குக் கேட்டார்கள், அவ்வளவே. அவருக்கு ஒப்பந்தம் போன பின்பு வந்த சொரணை உங்களுக்கு இன்றே வரலாம். உங்கள் பாட்டை இதுவரை சில நூறு பேர்தாம் பார்த்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். யூடியூபிலிருந்து பாட்டை நீக்குங்கள். தனிப்பட்டதாக மாற்றி வைத்துக்கொள்வது போதாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக வெட்டி அனுப்பிய துண்டுகளை அழிக்கச் சொல்லி நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் கேளுங்கள். ஊர் மைக்செட்காரரிடம் கொடுத்திருந்தால் அவரிடமும். அந்தப் பெண்ணிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது அவளுக்கு இன்னொரு தொல்லையாகும். உங்கள் தாயாரிடம் பாட்டைப் போட்டுக் காட்டி, அவர் வழியாக அவளுடைய வீட்டாரிடம் சொல்லியனுப்புங்கள். அவர்கள் புகார் கொடுப்பதாக இருந்தால் தடுக்க முயல வேண்டாம். பாதிக்கப்பட்ட பெண்கள் 181 என்ற எண்ணையும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் 1098-ஐயும் அழைக்கலாம். இணையத்தில் வந்த இழிவை அரசின் சைபர் குற்றத் தளத்தில் பதியலாம். இந்தத் தகவலை அந்தப் பெண்ணுக்காகவே இங்கே அச்சிடுகிறேன்.

முதல் பாதியை மட்டும் தனிப் பாட்டாக்குங்கள். கடன்காரர் வரும் இடத்தில் இயைபுக்காக இரண்டு ஆங்கிலச் சொற்களைத் திணித்திருக்கிறீர்கள், அங்கே தாளம் தடுக்குகிறது. உங்கள் அப்பா வலை இழுக்கும்போது சொல்லும் அம்பா அடி ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள். தாயாரின் அடுப்பு வரும் அடியை இன்னும் ஒரு முறை திரும்பப் பாடலாம். பதிவு செய்ததும் அனுப்புங்கள்.